எத்தனை ஞானிகள் வேண்டுமானாலும் வரலாம்

யாங்கோனில் எங்கள் கோயில் மறைக்கல்வி வகுப்பில், நாலு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளோடு இருபத்தெட்டு கிறிஸ்துமஸ் கொண்டாடியாயிற்று. இந்த டிசம்பருக்கு நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், வகுப்பில் 19 பிள்ளைகள். இயேசு பிறப்பு நாடகத்தில் அத்தனை பேருக்கும் வேஷம் இல்லை. பெற்றோர் கோபித்துக்கொள்கிறார்கள்.

பாலன் இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர்தான் என்று யார் சொன்னது? மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. ஆள் கணக்கு இல்லை. லூக்காவில் இடையர்களுக்கும் கணக்கில்லை, வானதூதர்களோ பெருங்கூட்டம். ஏழு பேர் ஞானியாக வந்தால் வரட்டும். மரியாவும் சூசையும் மட்டும்தான் ஒவ்வொருவர், அதற்குச் சீட்டுக் குலுக்கிவிடுங்கள்.

காணிக்கையை வீட்டிலிருந்து அவரவரே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வருடம் ஐந்து வயதுப் பையன் ஒருவன், நம் ஊரில் முகத்துக்கு அரைத்துப் பூசும் தனக்கா கட்டையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். பாலனுக்கு முகம் வெயிலில் கறுக்கக் கூடாதாம். அரைக்கக் கல்லையும் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான்! நாடகம் எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் ஆடுகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடும்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் வரமாட்டேன் என்கிறது. பாட்டைப் பர்மியத்திலேயே பாடலாமா?

ஒன்று தமிழில், ஒன்று பர்மியத்தில் பாடட்டும். தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதில் வெட்கமே வேண்டாம், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். பர்மியத்தில் சொல்லின் கடைசியில் 'ல்' ஒலிக்காது. 'குடில்' என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் கோயில் நடுவில் "குடி, குடி" என்று பாடுவார்கள். எங்கள் சாமியார் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயால் சொல்லிக் கொடுங்கள், நாக்கை மடிக்கிற இடத்தைக் காட்டுங்கள்.

நட்சத்திரம் கடையில் வாங்குவதா, செய்வதா?

செய்யுங்கள். மூங்கிலுக்கா நம் ஊரில் பஞ்சம்? ஒரு முழ நீளத்தில் பத்துச் சிம்பு சீவி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இதுபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் நாலு விரல் குச்சியைக் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். இதுவரை பெரியவர்கள் வேலை. கலர் காகிதம் ஒட்டுவது பிள்ளைகளுடையது. கோணலாக ஒட்டினால் இரவில் போய்த் திருத்தாதீர்கள், காலையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உள்ளே மெழுகுவர்த்தி வைக்கலாமா? கரண்ட் அடிக்கடி போகிறது.

கூடாது. ஒரு முறை கையில் மெழுகுவர்த்தி கொடுத்து ஊர்வலம் விட்டேன். இரண்டு வானதூதர்களின் காகித இறக்கை கருகியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. பேட்டரி விளக்குதான்.

வகுப்பில் பௌத்த, இந்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்ன செய்ய?

முன்கூட்டியே வீட்டில் கேட்டுவிடுங்கள். டிசம்பர் 25 நம் நாட்டில் அரசு விடுமுறை, அதனால் யாருக்கும் புதிதில்லை. கதை கேட்கலாம், ஆட்டு வேஷம் போடலாம், பலகாரம் சாப்பிடலாம். சிலுவை போடு, ஜெபம் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சு முறுக்கைப் பங்கு வைக்கும்போது நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று கேளுங்கள், நம் வீடுகளில் பலர் கடலை எண்ணெயில்தான் சுடுகிறோம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தாலே சின்னதுகள் அலறுகின்றன.

முகமூடியைத் தூக்கிப் போடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த மாமா ஒருவர் அவர்கள் கண் முன்னாலேயே சிவப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளட்டும். பெரிய பிள்ளைகள் தாத்தா நிஜமா என்று கேட்டால் மீரா நகர் ஆயர் நிக்கோலாஸைப் பற்றிச் சொல்லுங்கள். நாலாம் நூற்றாண்டுக்காரர், திருநாள் டிசம்பர் 6.

குடிலுக்குப் புல் எங்கே கிடைக்கும்?

நெல்லை ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் முழுக்க ஈரச் சாக்கில் கட்டி வைத்து, 12ஆம் தேதி வாக்கில் கொட்டாங்கச்சிகளில் விதையுங்கள். ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி, பெயர் எழுதி. 24க்குள் நாலு விரல் உயரம் வந்துவிடும். பாலன் சுரூபத்தை அன்று இரவுதான் வைக்க வேண்டும், அதுவும் வகுப்பிலேயே சின்னப் பிள்ளையின் கையால்.

குடிலை எப்போது பிரிப்பது?

ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த பிறகு. ஆமாம், திருநாள் பெயரிலேயே மூன்று வந்துவிடுகிறது, என்ன செய்ய. உங்கள் ஏழு ஞானிகளும் யார் காதிலும் விழாமல் வந்து போகட்டும்.