திடப்படுத்தல் வகுப்பில் ஒரு கேள்வி

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) சண்டே ஸ்கூல் டீச்சராக இருக்கிறேன். இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்பை, அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் ஆராதனைக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பை, என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார் எங்கள் ஐயர் (சபைக் குருவானவர்). பதினான்கு பிள்ளைகள். பெரும்பாலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறவர்கள். சனிக்கிழமை டியூஷன் முடிந்து களைத்துப்போய் வந்து உட்காருகிறார்கள். திடப்படுத்தப் பேராயர் (பிஷப்) வர இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனைகள் (கட்டளைகள்), வினாவிடை என்று எல்லாவற்றையும் ஒப்பிக்க வைப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. மனப்பாடத்தைக் குறைக்கலாமா?

இன்னொரு விஷயம். எல்லாரையும் விட நன்றாக ஒப்பிக்கிற பையன் ஒருவன், போன வாரம் வகுப்பு முடிந்ததும் தனியாக நின்றான். "டீச்சர், இதெல்லாம் நான் நிஜமாவே நம்புறேனான்னு எனக்கே தெரியல. ஆனா அம்மா சொந்தக்காரங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க" என்றான். "ஜெபம் பண்ணு, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவனைத் திடப்படுத்தலுக்குச் சேர்ப்பதா, நிறுத்துவதா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் வகுப்பில் என்ன செய்வது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

நீங்களாக அவனை நிறுத்த வேண்டாம். ஆனால், "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. இதை ஒரு பெரியவர் அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவன் உங்களிடம்தான் வந்து நின்றான். ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆராதனை முறையை எடுத்துப் பாருங்கள். பேராயர் தலைமேல் கைவைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார். ஞானஸ்நானத்தில் உங்கள் பேரில் செய்யப்பட்ட வாக்குறுதியை, தேவனுக்கும் இந்தச் சபைக்கும் முன்பாக இப்போது நீங்களே புதுப்பிக்கிறீர்களா என்பதுதான் அதன் சாரம். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானப்பெற்றோர் அவனுக்காகப் பதில் சொன்னார்கள். இப்போது அவன் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் சொல்கிற 'ஆம்' எப்படி அவனுடையதாகும்? இந்தத் தடவையும் வேறொருவர்தான் அவனுக்காகப் பேசியதாக ஆகும்.

எல்லாச் சபைகளிலும் இப்படி இல்லை என்பதும் உண்மை. கேரளத்தின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே திடப்படுத்தலுக்கான தைலமும் பூசிவிடுகிறார்கள். அங்கே இந்தக் கேள்வியைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. அதிலும் ஓர் அழகு இருக்கிறது. நம்முடைய மரபு கேள்வியைக் கேட்கிறது. கேட்டுவிட்டால் பதிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பது நம் சபைக்குப் பழக்கமில்லாத விஷயமும் இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) சபைகளுக்குப் பேராயர் இருந்தது கல்கத்தாவில். அங்கிருந்து பேராயர் ரெஜினால்ட் ஹீபர் 1826இல் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வந்தார். ஏப்ரல் 3ஆம் தேதி காலையில் திருச்சிக் கோட்டைக்குள் இருந்த மிஷன் கோயிலில் தமிழ்க் கிறிஸ்தவர்களைத் திடப்படுத்தினார். தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பிக் குளிக்க இறங்கியவர் அங்கேயே இறந்துபோனார். வயது 42. திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சென்னைக்குத் தனிப் பேராயம் வந்தது 1835இல். திருநெல்வேலியிலேயே இருந்து ஊழியம் செய்த கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் துணைப் பேராயர்களானது 1877இல். அதுவரை உங்கள் ஊர்ப் பாட்டன் பூட்டிகள் பேராயர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகமும், திடப்படாதவர் நற்கருணைக்கு (அப்பமும் ரசமும் பெறுவதற்கு) வரக்கூடாது என்று சொன்ன கையோடு, திடப்படுத்தலுக்கு ஆயத்தமும் விருப்பமும் உள்ளவர் வரலாம் என்று இடம் விட்டிருக்கிறது. ஒரு வருஷம் தள்ளிப்போவதை அவமானமாக நினைப்பது நாமாக உண்டாக்கிக்கொண்ட பழக்கம்.

சரி, அவனிடம் என்ன பேசுவது? முதலில் எதை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள். இந்த வயதில் "நம்பிக்கை இல்லை" என்பதற்குள் என்னென்னவோ இருக்கும். தாத்தாவுக்காக ஜெபித்தும் அவர் பிழைக்காமல் போயிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்று குடைந்துகொண்டிருக்கலாம். அல்லது, தேவனுக்கு முன்னால் பொய் சொல்லிவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம். எனக்கென்னவோ கடைசியாகச் சொன்னதுதான் என்று படுகிறது. நம்பிக்கையைப் பற்றிக் கவலையே இல்லாத பையன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசாமல் வந்து நின்றிருப்பான். உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டான்.

அப்படிப் பயம்தான் என்றால், மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வரும் தகப்பனை அவனுக்குக் காட்டுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." சந்தேகத்தோடு வந்த மனுஷனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. இந்த ஜெபத்தைத் தன்னுடையதாகச் சொல்ல முடிந்தால் அவன் தாராளமாகப் பேராயர் முன்னால் முழங்கால் போடலாம். கைவைக்கும்போது சொல்லும் பழைய ஜெபமும், இந்தப் பிள்ளை பரிசுத்த ஆவியில் நாளுக்கு நாள் அதிகமதிகமாய் வளரட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறது. வளர்ந்து முடித்தவர்களுக்காக எழுதின ஜெபம் இல்லை அது. ஆனால், அவனுக்கு உண்மையிலேயே இப்போது விருப்பமில்லை என்றால் நிற்கட்டும். வகுப்புக்கு மட்டும் கடைசி வாரம் வரை வரச் சொல்லுங்கள். பாடகர் குழுவிலோ வேறு வேலையிலோ இருந்தால் அதிலிருந்தும் எடுக்காதீர்கள்.

இனி மனப்பாடம். விசுவாசப்பிரமாணமும் கற்பனைகளும் பரமண்டல ஜெபமும் இருக்கட்டும். வாழ்க்கையில் சொந்த வார்த்தை வராத நேரங்கள் உண்டு, அப்போது அவைதான் கைகொடுக்கும். வினாவிடை முழுவதையும் வரி பிசகாமல் கேட்க வேண்டியதில்லை. அதன் ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜெபப்புத்தகத்தின் வினாவிடையில் முதல் கேள்வி, உன் பெயர் என்ன என்பது. இரண்டாவது, அந்தப் பெயரை உனக்குத் தந்தது யார் என்பது. இந்த இரண்டுக்கு மட்டுமே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கலாம்.

நான் வகுப்பு எடுத்தபோது ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். எப்படியும் அலுவலகத்தில் கேட்பார்கள். அதில் ஞானப்பெற்றோர் பெயர் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளையின் ஞானத்தாய் இரண்டு தெரு தள்ளிப் படுத்த படுக்கையாக இருந்தார். குடும்பங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம், போக்குவரத்து கிடையாது. அவள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். "ஒனக்கு எங்கையிலதான் வெச்சு ஞானஸ்நானம் கொடுத்தாங்க" என்று அந்த அம்மா அழுதாராம். அதற்குப் பிறகு வாக்குறுதியைப் புதுப்பிப்பது பற்றி அவளுக்கு நான் அதிகமாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

நற்கருணை வாங்கவும் சொல்லிக்கொடுங்கள். யாரும் இல்லாத சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைப் பீடத்துக்கு முன்னால் அழைத்துப்போய் முழங்கால் போடச் சொல்லுங்கள். இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை விரித்து வைக்க வேண்டும், விரலால் பறிக்கக் கூடாது, 'ஆமென்' என்பதைக் காதில் விழும்படி சொல்ல வேண்டும். பல பிள்ளைகளுக்கு அப்பத்தைக் கீழே போட்டுவிடுவோமோ என்பதுதான் பெரிய பயம். அது தீர்ந்தால்தான் ஜெபத்தில் மனது நிற்கும்.

அந்தப் பையனின் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளை உடுப்பு, சொந்தக்காரர்கள், மத்தியான பிரியாணி எல்லாம் அவருக்கு உண்மையான சந்தோஷம். மகன் எடுத்த எடுப்பில் அவரிடம் போய்ச் சொன்னால் வீட்டில் அழுகைதான் மிஞ்சும். பையனின் சம்மதத்தோடு முதலில் ஐயரிடம் பேசுங்கள். அப்புறம் ஐயரும் நீங்களுமாக வீட்டுக்குப் போங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் இதைச் செய்துவிட்டால் நல்லது. பெயர்ப்பட்டியல் பேராயர் அலுவலகத்துக்குப் போய்விட்டால், பிறகு ஒரு பெயரை எடுப்பது எல்லாருக்கும் சங்கடம்.

அன்புடன்,
அண்ணன்