நின்ற வண்டியில் என்ஜின் ஓட வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பேரனை அழைத்துவரப் பள்ளி வாசலுக்குப் போனால், வண்டி நின்றதுமே மருமகன் என்ஜினை அணைத்துவிடுகிறார். கேட்டால் அபராதம் என்கிறார். மதுரையில் இன்னொரு பேத்தியின் பள்ளி வாசலில் நான் ஏசியை ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பவன். இப்போது உறுத்துகிறது. ஆனால் அணைத்து அணைத்துப் போட்டால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் போய்விடும் என்கிறார் மெக்கானிக். டீசல் என்ஜினை அணைக்கவே கூடாது என்கிறார் பள்ளி வேன் ஓட்டுநர். எது சரி? எத்தனை நொடிக்கு மேல் நின்றால் அணைக்கலாம்?

பதில்: உங்கள் மருமகன் சொன்னது சரி. போக்குவரத்து நெரிசல் போன்ற காரணம் இல்லாமல், நின்றிருக்கும் வண்டியில் என்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரியம் முதல் முறை 70 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கும். மீண்டும் மீண்டும் பிடிபட்டு வழக்காகிவிட்டால் தொகை ஆயிரங்களுக்குப் போகும். குளிர்நாட்டுக்காரர்கள் போட்ட சட்டம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆண்டு முழுவதும் வெக்கையும் புழுக்கமும் விடாத ஊர் அது. ஹாங்காங்கில் 2011 டிசம்பர் முதல் இருக்கும் சட்டம், எந்த ஒரு மணி நேரத்திலும் மொத்தம் 3 நிமிடத்துக்கு மேல் என்ஜின் சும்மா ஓடக் கூடாது என்கிறது. கடும் வெப்ப எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட நாள்களுக்கு விலக்கு உண்டு. நியூயார்க் நகரத்தில் பொதுவாக 3 நிமிடம், பள்ளிக்கு அருகில் 1 நிமிடம் என்பதே எல்லை. நம் நாட்டில் இப்படி நிமிடக் கணக்கு வைத்து யாரும் அபராதம் கேட்பதில்லை. 2020 அக்டோபரில் தில்லி அரசு சிவப்பு விளக்கில் வண்டியை அணைக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது. ஆனால் சிக்னலைவிடக் காத்திருக்கும் இடங்களில்தான் நம் ஊரில் எரிபொருள் அதிகம் வீணாகிறது என்பது என் எண்ணம். சிக்னலில் நிற்பது ஒரு நிமிடமோ இரண்டோதான். பள்ளி, கல்யாண மண்டபம், மருத்துவமனை வாசல்களில் அரை மணி, ஒரு மணி என்று நீள்கிறது.

முதலில் உங்கள் மெக்கானிக்கின் கவலை. அவர் மனத்தில் இருப்பது, நிமிடத்துக்கு ஒரு முறை அணைத்துப் போடும் ஓட்டுநர். நீங்கள் செய்யப்போவதோ பள்ளி வாசலில் ஒரு தடவை அணைத்து, மணி அடித்ததும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்வது. ஒரு கல்வியாண்டுக்கு ஏறத்தாழ 200 ஸ்டார்ட்கள் கூடும். நல்ல நிலையில் உள்ள செல்ஃப் மோட்டாருக்கு இது ஒரு சுமையே இல்லை. பேட்டரியைக் கெடுப்பது வேறொன்று: என்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை ஆன் நிலையிலேயே வைத்து, ஏசி மின்விசிறி, பாட்டு, விளக்கு மூன்றையும் ஓடவிடுவது. அணைத்தால் எல்லாவற்றையும் சேர்த்து அணையுங்கள். பேட்டரி பழையதாகி, ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் திணறுகிறது என்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அதற்காக என்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது பரிகாரம் ஆகாது.

எத்தனை நொடி என்று கேட்டிருந்தீர்கள். மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் இன்றைய என்ஜின்களில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய ஆகும் எரிபொருள், சுமார் 10 நொடி ஐட்லிங்கில், அதாவது நின்றபடி என்ஜின் சும்மா ஓடுவதில், ஆகும் அளவைத் தாண்டாது. கார்புரேட்டர் காலத்தில், சோக்கை இழுத்துப் பலமுறை முயன்று ஸ்டார்ட் செய்த அனுபவத்திலிருந்து பிறந்த பழக்கத்தையே நாம் இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். தேய்மானத்தையும் கணக்கில் கொண்டு, ஓரங்கட்டி நிற்கும்போது அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். சிக்னலில் எண் இறங்கும் கடிகாரம் இருந்து, அதில் 30 நொடிக்கு மேல் காட்டினால் மட்டும் அணைக்கலாம். ஆனால் வண்டி முழுதும் நின்று, ஹேண்ட்பிரேக் போட்ட பின்பே அதைச் செய்ய வேண்டும்; என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும் என்பதால், உருண்டுகொண்டிருக்கும்போதோ மேம்பாலச் சரிவிலோ அணைப்பது ஆபத்து. தானாகவே அணைந்து எழும் வசதி உள்ள கார்களிலும் சில இருசக்கர வண்டிகளிலும், அந்த வேலைக்கென்றே வலுவான பாகங்களைப் பொருத்தியிருப்பார்கள். அவற்றில் அந்த வசதியை முடக்காமல் இருந்தாலே போதும்.

சாதாரணச் சிறிய பெட்ரோல் கார், ஏசி இல்லாமல் நின்றபடி ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். ஏசி ஓடினால் அது ஒரு லிட்டரை நெருங்கும். தினம் அரை மணி என்று வைத்தால், பள்ளி நடக்கும் 25 நாளில் சுமார் 12 லிட்டர், அதாவது லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் மாதம் ஏறத்தாழ 1,200 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஆனால் பள்ளி வாசலில் எனக்குப் பெரிய கவலை கரியமில வாயு அல்ல, நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும்தான். சைலன்சர் குழாய் இருக்கும் உயரத்துக்குப் பெரியவர்களின் மூக்கைவிட ஐந்து வயதுக் குழந்தையின் மூக்கு மிகவும் அருகில் இருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். வரிசையாக நிற்கும் பத்து வண்டிகளின் புகையும் கலைய வழியின்றி மதிற்சுவருக்கும் வண்டிகளுக்கும் நடுவே தேங்கும் இடத்தில்தான் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

வேன் ஓட்டுநர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. டர்போ பொருத்திய டீசல் வண்டி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடி வந்து நின்றால், டர்போவின் சுழலி சூடாறுவதற்காக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஐட்லிங்கில் விட்டு அணைப்பது நல்லது. தெருத்தெருவாகப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனுக்கு அதுகூடத் தேவைப்படாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்பட்ட, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த டீசல் வண்டியாக இருந்தால் நிலைமை நேர்மாறானது. கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அதில் இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க நல்ல சூடு தேவை. மணிக்கணக்கில் ஐட்லிங்கில் ஓடினால் புகை அவ்வளவு சூடாகாது. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். எச்சரிக்கை விளக்கு எரிந்து பணிமனைக்குப் போனால் வடிகட்டிச் செலவு எவ்வளவு என்று அவரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்; காற்று மாசைப் பற்றிய உபதேசத்தைவிட அது எளிதில் ஏறும்.

இனி வெயில். மே மாத மதுரையில் மூடிய காருக்குள் ஏசி இல்லாமல் உட்காருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதியவருக்கும் குழந்தைக்கும் அது உயிருக்கே ஆபத்து. காரைப் பூட்டிவிட்டு இறங்கி மரத்தடியில் நில்லுங்கள், அல்லது மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேருங்கள். வண்டியைக் குளிரவைக்க முன்கூட்டியே ஓடவிட வேண்டியதில்லை. எதிரெதிர்க் கதவுகளை ஒரு நிமிடம் திறந்து வைத்து அனலை வெளியேற்றிவிட்டு ஏறுங்கள். வண்டி ஓடும்போது கம்ப்ரஸர் வேகமாகச் சுழல்வதால், நின்று குளிர்வதைவிட ஓடும்போதே விரைவில் குளிரும். அடைத்த கார் ஷெட்டில் ஏசியை ஓடவிட்டுத் தூங்குவது எந்தப் பருவத்திலும் கூடாது. புகையில் இருக்கும், உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஓட்டுநரை வைத்திருப்பவர்கள், “ஏசி போட்டு வை, வந்துகொண்டே இருக்கிறேன்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு இருபது நிமிடம் கழித்து வருவதை நிறுத்தினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். மீதிப் பாதி பள்ளியின் கையில் இருக்கிறது. ஓட்டுநர்கள் வண்டிக்குள்ளேயே கிடப்பதற்குக் காரணம், வெளியே உட்கார நிழல் கிடையாது என்பதுதான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிற்சுவரை ஒட்டி ஒரு கூரை, ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய் ஆகியவற்றைக் கேளுங்கள். அவை வந்த பிறகு “என்ஜினை அணைக்கவும்” என்று பலகை வைத்தால் ஓட்டுநர்களும் மதிப்பார்கள்.