மலைப்பள்ளியில் வேலை: அங்கேயே தங்குவதா, தினம் போய்வருவதா?

கேள்வி: ஜவ்வாது மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணி கிடைத்திருக்கிறது. போளூரில் குடியிருந்து பைக்கில் போய்வா என்கிறார்கள் வீட்டில். ஊரிலேயே தங்கினால் எதற்கெடுத்தாலும் கதவைத் தட்டுவார்களோ என்று எனக்கும் தயக்கம். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வருஷமாவது பள்ளி நாட்களில் மலையிலேயே தங்குங்கள். ஊருக்குள் வீடு அமையாவிட்டால் மலைமேலேயே இருக்கும் ஜமுனாமரத்தூரில் தேடுங்கள். மழைக்கால மலைப்பாதை ஒரு பக்கம் இருக்கட்டும். பெற்றோரைப் பிடிக்க முடிகிற நேரமே பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் சாமைக் கொல்லையிலோ கூலி வேலையிலோ இருப்பார்கள். பள்ளி விட்டதும் மலையிறங்கும் ஆசிரியருக்கு, ஒரு பையன் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். வீட்டோடு வெளியூர் வேலைக்குக் கிளம்பப் போகிறார்கள் என்பது திண்ணையில் உட்கார்ந்தால்தான் காதில் விழும். முன்னாலேயே தெரிந்தால், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகச் சொல்லிப் பார்க்கலாம். போன பிறகு என்ன செய்ய?

முதல் வாரமே காலை உணவு சமைக்கும் அக்காக்களிடம் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாத வீடு இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கூட்டத்தை அவர்களுக்குத் தோதான நேரத்தில் வைத்தால் கையெழுத்தோடு ஆளும் வரும்.

வகுப்பறை? தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் உங்கள் தலையில்தான். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) பிரிவுகள் அன்று கைகொடுக்கும். மலர் நிலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அரும்போடு தரையில் உட்காருங்கள்.

கதவைத் தட்டத்தான் செய்வார்கள், பெரும்பாலும் காகிதங்களோடு. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரள மலையாளிகள் அல்ல, இது பழங்குடியின் பெயர்) சாதிச் சான்று தருபவர் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), தாசில்தார் அல்ல. இது தெரியாமல் அலைபவர்கள் உண்டு. இ-சேவையில் விண்ணப்பிக்க உதவுங்கள், தப்பில்லை. ஆனால் கைமாற்று மட்டும் வேண்டாம். பணம் திரும்பாதே என்பதற்காகச் சொல்லவில்லை. வாங்கியவர் உங்கள் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு பிள்ளையையும் அனுப்பாமல் விட்டுவிடுவார். பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால், "எனக்கு இரண்டு வீட்டுப் பிள்ளையும் வேணுங்க" என்று சொல்லி நழுவிவிடுங்கள்.

அப்புறம், வார விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஞாயிறு சாயங்காலமே மலையேறிவிடுங்கள். திங்கட்கிழமை காலை பஸ்ஸை நம்பிப் பள்ளிக்கூடம் திறக்க முடியாது.