அப்பாவின் படத்துக்கு முன்னால்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 41 வயது. பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தவள். பிறந்த வீட்டில் மற்ற எல்லாரும் இந்துக்கள். அப்பா துறைமுகத் தொழிலாளி, தொழிற்சங்கத்தில் தலைவராக இருந்தவர். போன வருடம் தவறிவிட்டார்.

சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது சபை மூப்பர் ஒருவர், "சடங்கு எதிலும் கை வைக்காதே" என்றார். வாய்க்கரிசி போடவில்லை, கும்பிடவில்லை. கூடாரத்தின் ஓரமாகவே நின்றேன். பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்கு வண்டி புறப்பட்டபோதும் அப்படியே. அன்றைக்குத் தம்பி எல்லார் முன்னாலும் கேட்டான்: "திங்கட்கிழமை ஆனா மாமன்னர் படத்துக்கு முன்னால நேரா நின்னு தேசிய கீதம் நெகாராக்கு பாடுறியே அக்கா, பெத்த அப்பாவுக்குத் தலை குனிய முடியலையா?" அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த மாதம் திவசம். அம்மா வரச் சொல்கிறார். இதுவரை நான் அழவே இல்லை. ஆனால் பள்ளிச் சபைகூடலில் நெகாராக்கு தொடங்கினால் தொண்டை அடைக்கிறது. எனக்கு என்ன ஆகிவிட்டது?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

ஒன்றும் ஆகிவிடவில்லை. துக்கம் வெளியே வர இடம் தேடுகிறது, அவ்வளவுதான். அன்று முழுக்க நீங்கள் காவல் காத்துக்கொண்டிருந்தீர்கள்: கை எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று. காவல்காரனால் அழ முடியாது. குற்ற உணர்ச்சியில்லாமல் மரியாதையாக நிற்க உங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் திங்கட்கிழமைச் சபைகூடல். தொண்டை அங்கே அடைக்காமல் வேறு எங்கே அடைக்கும்?

தம்பி கோபத்தில் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. மாமன்னரை நீங்கள் வழிபடவில்லை, கனம்பண்ணுகிறீர்கள். "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்கிறது. தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்வதோ பத்துக் கட்டளைகளில் ஒன்று. நான் போதகர் இல்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் வேதாகமத்தைத் தொடாமல் பேச முடியாது. மனைவி சாராளை அடக்கம் செய்ய நிலம் கேட்டபோது ஆபிரகாம், வேறு தெய்வங்களைக் கும்பிட்ட அந்தத் தேசத்தாருக்கு முன்னால் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். அவருடைய விசுவாசத்துக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

கோடு எங்கே என்பதில் சபைகளே ஒத்துப்போனதில்லை. சீனக் கத்தோலிக்கர்கள் முன்னோருக்குச் செய்யும் சடங்குகளை ரோம் 1742இல் அறவே தடுத்தது. 1939இலோ இறந்தவரின் படத்துக்கு முன் தலை தாழ்த்துவது சமூக மரியாதைதான் என்று அனுமதித்தது. ஏறக்குறைய இருநூறு வருடம்! ரோமுக்கே அவ்வளவு காலம் பிடித்த கேள்விக்குச் சாவு வீட்டு வாசலில் உங்களுக்கு விடை கிடைக்காமல் போனதில் அதிசயமில்லை.

மூப்பர் சொன்னதில் எனக்கு ஒரு குறை உண்டு. எதைச் செய்யக்கூடாது என்றார், எதைச் செய்யலாம் என்று சொல்லவில்லை. நீங்களும் வீட்டாரிடம் அதைச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது கட்டியிருந்த உங்கள் கையை மட்டும்தான்.

அதனால் திவசத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே அம்மாவைப் போய்ப் பாருங்கள். "சூடம் காட்ட மாட்டேன்மா. பிண்டம் வைக்கும்போது ஒதுங்கி இருப்பேன். ஆனா விடியற்காலையே வந்துடுவேன், சமையல் என் பொறுப்பு. அப்பா சங்கத்துல செஞ்சதைப் பத்தி எல்லார் முன்னாலயும் நான் பேசுறேன்" என்று சொல்லுங்கள். படத்துக்கு முன்னால் தலை குனிந்து ஒரு நிமிடம் நிற்க உங்கள் மனசாட்சி இடம் கொடுத்தால் நில்லுங்கள். கொடுக்காவிட்டால் வேண்டாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா கொஞ்சம் முகம் சுளிப்பார். பரவாயில்லை, திவசத்தன்று கூட்டத்துக்கு நடுவில் தெரியவருவதைவிட இது மேல்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எதையும் எழுதாதீர்கள், நேரில் போங்கள். "நீ கேட்டது சரிதான்டா, அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல" என்று ஆரம்பியுங்கள். அங்கேயே அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.