பாதி சீசனில் பயிற்சியாளர் விலகினால்…

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பெயர்பெற்ற பயிற்சியாளர்கள்கூட சீசன் நடுவில் விலகிவிடுகிறார்களே! மிச்ச ஆட்டங்களை முடித்துவிட்டுப் போகக் கூடாதா? (வாசகி, திருச்சி)

பதில்: ஸ்டீவ் ஸ்பரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் புளோரிடா பல்கலைக்கழக அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். 2005 முதல் சவுத் கரோலைனா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்தார். 2011, 2012, 2013 மூன்று சீசனிலும் தலா 11 வெற்றி. அந்த அணி அதுவரை கண்டிராத உயரம் அது. 2015 அக்டோபரில், ஆறு ஆட்டங்களில் நான்கைத் தோற்ற நிலையில், 70 வயதில் விலகினார்.

தோல்விகள் வெளியே தெரிந்த காரணம். உள்ளே அரித்தது ஆள்சேர்ப்பு, அதாவது பள்ளி வீரர்களைத் தன் அணிக்கு இழுக்கும் வேலை. முந்தைய சீசன் கடைசியில், இன்னும் இரண்டு மூன்று வருடம் இருப்பேன் என்று அவரே சொல்லிவிட்டார். பிறகு திருத்திச் சொன்னாலும் போட்டிக் கல்லூரிகள் விடுமா? நான்கு வருடம் ஆட வரும் பள்ளிப் பையனின் பெற்றோர், மூன்றாம் வருடம் பயிற்சியாளர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இப்போது நெருக்கடி இன்னும் அதிகம். பள்ளி வீரர்கள் கல்லூரி அணியில் சேர முன்கூட்டியே கையெழுத்திடும் நாள் 2017-ல் வந்தது. இப்போது அது டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. வழக்கமான 12 ஆட்டங்கள் முடிவதோ நவம்பர் கடைசியில். அதுவரை காத்திருந்தால் புதியவரைத் தேடச் சில நாட்கள்தான் மிஞ்சும். அக்டோபரில் இடம் காலியானால் ஆறு வாரம் கையில் இருக்கும்.

கேள்வி: அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தை யார் நடத்துவார்? அணி தேறுமா? (வாசகர், சேலம்)

பதில்: உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் இடைக்காலப் பொறுப்பேற்பார். தாக்குதல் ஆட்டத்தின் ஒவ்வொரு உத்தியையும் கூப்பிட்டுச் சொல்பவரை அந்த நாற்காலியில் வைத்தால் இரட்டைச் சுமை. உத்திக்கும் உத்திக்கும் நடுவே 40 விநாடிதான். அதற்குள் டைம்-அவுட் எடுப்பதா, பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில் துணிவதா, பந்தை உதைத்துவிடுவதா என்றும் அவரே முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் கொடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

உத்திப் புத்தகத்தை ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. செவ்வாய், புதன் இரண்டு நாள்தான் முழுப் பயிற்சி. வியாழன் லேசான பயிற்சி. அதனால் விவரமுள்ளவர் உத்திகளைக் குறைப்பார், பையன்களுக்கு நன்றாகப் பழகியதை மட்டும் வைத்துக்கொள்வார். சோர்ந்தவர்களை மாற்றி, துடிப்பானவர்களை இறக்குவார். முதல் ஆட்டத்தில் இது கைகொடுக்கும். ஸ்பரியருக்குப் பின் பொறுப்பேற்ற ஷான் எலியட், வாண்டர்பில்ட்டை 19-10 என்று வென்றார். பிறகு ஐந்தும் தோல்வி. அவற்றில் நான்கு, ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள். சின்னக் கல்லூரியான சிட்டடெலிடம் 22-23. உற்சாகத்தால் ஒரு வாரம் ஓடும். ஆள் பற்றாக்குறையை அது அடைக்காது. போதாததற்கு, புதியவர் பெரும்பாலும் தன் ஆட்களோடுதான் வருவார் என்பது தெரிந்ததால் உதவியாளர்களும் வேறு வேலை தேடத் தொடங்குவார்கள். அவர்கள் பாடுதான் பெரும் திண்டாட்டம்.

கேள்வி: விலகினால் ஒப்பந்தப் பணம் கிடைக்குமா? (வாசகர், கோவை)

பதில்: நிர்வாகம் நீக்கினால் மீதி ஒப்பந்தத்துக்கு இழப்பீடு உண்டு, தானாக விலகினால் பொதுவாகக் கிடையாது. ‘பரஸ்பர முடிவு’ என்று அறிவித்தால் நடுவில் பேரம் நடந்திருக்கும். டி.சி.யு. (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) பயிற்சியாளர் கேரி பேட்டர்சனிடம் 2021-ல், அடுத்த வருடம் நீங்கள் இல்லை, சீசனை மட்டும் முடித்துக்கொடுங்கள் என்றது நிர்வாகம். அவர் உடனே கிளம்பிவிட்டார். இத்தனைக்கும் அந்த மைதானத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது!

கேள்வி: மாணவ வீரர்கள் வேறு கல்லூரிக்குப் போகலாமா? (வாசகி, நெல்லை)

பதில்: போகலாம். மாறுவோர் பட்டியலில் பெயர் கொடுக்க, முன்பு பயிற்சியாளர் விலகிய மறுநாளிலிருந்து 30 நாள் அவகாசம். 2025 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி, புதியவர் நியமனமாகி ஐந்து நாள் கழித்து 15 நாள். ஆகவே புதியவரோடு பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நான்கு ஆட்டங்களுக்கு மேல் இறங்காதவர்களுக்கு அந்த வருடம் அவர்கள் கல்லூரியில் ஆடக்கூடிய நான்கு சீசன் கணக்கில் சேராமல் காப்பாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மாறுவோர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டால், அந்தக் கல்விப் பருவ முடிவில் உதவித்தொகையை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உரிமை உண்டு.