மூக்கு லாரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா காலத்து மூக்கு லாரி (என்ஜின் மூடி முன்னால் நீண்ட லாரி) ஷெட்டில் நிற்கிறது. பதிவெண் ‘எம்.ஒய்.’ என்று தொடங்குகிறது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கிறது, கம்பெனித் தகடு இல்லை. மாடலையும் ஆண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், அல்சூர்

பதில்: நட்சத்திரம் ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறது. டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நட்சத்திரச் சின்னத்துக்குரிய டெய்ம்லர் பென்ஸும் 1954-இல் கைகோத்தன, 1969-இல் பிரிந்தன. எம்.ஒய். வரிசை மைசூர் மாநிலக் காலத்தது (1973 நவம்பர் 1-இல்தான் கர்நாடகம் என்று பெயர் மாறியது). ஆனால் நட்சத்திரத்தை பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வாங்கி மாட்டியிருக்கலாம். பதிவெண்ணும் பதிவான காலத்தைக் காட்டுமே தவிர, வண்டி செய்த ஆண்டைக் காட்டாது.

நம்ப வேண்டியது வண்டியின் இரும்புச் சட்டத்தில் குத்தியிருக்கும் சேஸி எண்ணைத்தான். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கவே வைக்காதீர்கள், குத்திய எழுத்தின் ஆழம் போய்விடும். டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய தாளை வைத்து பென்சில் பிரிண்ட் எடுங்கள். அதை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

என்ஜினை நம்பி மாடல் சொல்வது ஆபத்து, ஏனென்றால் பல வண்டிகளில் பாதி வாழ்க்கையிலேயே என்ஜின் மாறியிருக்கும். இப்போது உள்ளே இருப்பது எந்த என்ஜின் என்று அறிய, ஹெட் கழற்றும்போது போரையும் (சிலிண்டர் விட்டம்) ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஓடும் நீளம்) அளந்து பாருங்கள். எல் 312 வண்டியோடு வந்த ஓ.எம். 312 என்ஜினுக்கு போர் 90 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. டாடா 692 என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர். 697 என்றால் 97 மி.மீ. போர், ஸ்ட்ரோக் 128. ரீபோர் செய்த (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய) என்ஜினில் போர் அளவு ஏமாற்றும், அதனால் பிஸ்டன் தலையில் குத்தியிருக்கும் ஓவர்சைஸ் எண்ணையும் பாருங்கள். ஹெட்டைத் திறக்காமலே ஓர் அடையாளம் உண்டு: 312-இல் ஹீட்டர் பிளக் 6 இருக்கும், 697-இல் இருக்காது.

கேள்வி: லேலண்டு காமெட் 12 வருடமாக நிற்கிறது, என்ஜின் சுற்றவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்தால் விடுமா? – வாசகர், பீன்யா

பதில்: இழுக்காதீர்கள். துருவில் ஒட்டிய ரிங் உடையும், பிடித்துக்கொண்ட வால்வைத் தள்ளப்போய் புஷ் ராடு வளையும். ஒரு வாரம், பத்து நாள் பொறுமை போதும்.

முதலில் டீசல் பீய்ச்சும் 6 நாசிலையும் கழற்றுங்கள். டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்கு 50 மி.லி. ஊற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டிப் பார்த்து, எதில் வற்றியிருக்கிறதோ அதில் மட்டும் மறுபடி ஊற்றுங்கள். அது ஊறும்போதே வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஷாஃப்டை எடுத்துவிடுங்கள். எல்லா வால்வும் ஸ்பிரிங் பலத்தில் ஒரே மட்டத்துக்கு எழும்ப வேண்டும். தாழ்ந்து நிற்பதுதான் பிடித்தது. அதன் தண்டில் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் லேசாகத் தட்டி விடுவியுங்கள்.

பிறகு கிராங்க் புல்லி நட்டில் 4 அடி நீளக் கம்பி போட்டு முன்னும் பின்னுமாக அசையுங்கள். ஒரே பக்கம் முறுக்கக் கூடாது. நூலளவு அசைந்தாலே நல்ல செய்தி. பத்து நாளாகியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. ஸ்டார்ட்டரை வைத்து அடிக்க வேண்டாம்.

சுற்றிய பிறகும் நாசிலை மாட்ட அவசரப்படாதீர்கள். சிலிண்டரில் தேங்கிய எண்ணெய் அமுங்காது, அதோடு ஸ்டார்ட்டர் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவி, புது ஆயில் நிரப்புங்கள். பழைய ஆயிலைத் திறக்கும்போது முதலில் தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நாசில் இல்லாமலே 15 விநாடி ஸ்டார்ட்டர், 1 நிமிட ஓய்வு என்று ஆயில் கேஜ் முள் எழும்வரை சுற்றுங்கள். துளைகளிலிருந்து எண்ணெய் பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் தகட்டில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று படித்த பிறகே பேட்டரி வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இன்ஜெக்‌ஷன் பம்ப். பக்க மூடியைத் திறந்து ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) விரலால் தள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முழு டீசல் நிலையில் ரேக் சிக்கியிருந்தால், ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் என்ஜின் வேகம் கவர்னருக்கு (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அடங்காமல் ஏறிவிடும், சாவியும் ஸ்டாப் கம்பியும் உதவாது. முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று வழியை அடைக்க ஒரு பிளைவுட் பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. சிக்கிய ரேக்கை இடுக்கியால் இழுத்தால் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு) கெடும், அதை நல்ல பம்ப் பட்டறைக்குக் கொடுங்கள். 1951-இல் மைக்கோ (பாஷ் டீசல் பம்ப் கம்பெனி) தொடங்கிய ஊர் நம் பெங்களூர், பழைய பம்ப் தெரிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. பம்ப் தகட்டை மட்டும் யாரிடமும் கழற்றித் தராதீர்கள். ‘பி.இ.எஸ். 6ஏ’ என்பதில் 6 சிலிண்டர் எண்ணிக்கை, ஏ பம்பின் அளவு. அடுத்து வரும் 80, 85 போன்ற எண் பிளஞ்சர் விட்டம், மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. அந்தத் தகடு இல்லாவிட்டால் சரியான உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு.

கடைசியாக நாசில்களை மாட்டி, ஃபில்டர், பம்ப், நாசில் நட்டு என்ற வரிசையில் ஏர் எடுங்கள்.

கேள்வி: லாக் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம்) போட்ட 20 அங்குலச் சக்கரம். பஞ்சர் கடைக்காரர் தொட மறுக்கிறார். – வாசகர், கலாசிபாளையம்

பதில்: அவர் செய்வது சரி. துருப்பிடித்த ரிங் காற்று ஏறும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க விடுங்கள். பின்சக்கரமானால் உள், வெளி இரண்டிலும் விட வேண்டும். ரிங்கிலும் அது உட்காரும் பள்ளத்திலும் துருவைச் சுரண்டிப் பாருங்கள். விரிசலோ நெளிவோ இருந்தால் வெல்டிங் கூடாது, குப்பைதான். காற்று ஏற்றுவது இரும்புக் கூண்டுக்குள், நீள ஓஸோடு, பக்கவாட்டில் நின்று.

கேள்வி: உள்ளூரில் கட்டிய மரக் கேபினை எடுத்துவிட்டு ஜெர்மன் கேபின் போல இரும்பில் செய்யலாமா? – வாசகர், ஓசூர் ரோடு

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. நம் ஊரில் பல லாரிகள் முகப்போடு மட்டுமே கம்பெனியை விட்டு வந்தன. கேபினையும் பாடியையும் கட்டியவர் உள்ளூர் ஆசாரி. அவர் கட்டியதுதான் இந்த வண்டியின் அசல். உளுத்த பலகையைக் கூட அளவும் மூட்டும் எடுக்கும்வரை எறியாதீர்கள். பெயின்டை ஒரு மூலையில் மட்டும் படிப்படியாகத் தேய்த்தால் பழைய நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஜி.எம்.சி. ஆறு சக்கர மிலிட்டரி லாரி. மாடல் 352-ஆ, 353-ஆ? – வாசகர், சிவாஜி நகர்

பதில்: டேப் போதும். முன் அச்சு மையத்திலிருந்து பின் இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளிவரை அளங்கள். 145 அங்குலம் என்றால் 352, 164 என்றால் 353.

கேள்வி: லாரிக்கு ‘வி.ஏ.’ விண்டேஜ் எண் கிடைக்குமா? – வாசகர், ஜெயநகர்

பதில்: கிடைக்காது. 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர வண்டிகளுக்கும் எம்1 வகைக் (ஆட்களை ஏற்றும்) கார்களுக்கும் மட்டுமே. லாரி சரக்கு வாகன வகை. “விண்டேஜ் எண் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லி விலையை ஏற்றும் தரகரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.