சுவரில் சுவிட்ச் இருக்கட்டும்: ஸ்மார்ட் விளக்கு கேள்வி பதில்

ஸ்மார்ட் விளக்குகளைச் சுவரிலிருந்தே இயக்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. வீட்டு வயரிங் என் தொழில். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் முறை வீட்டுக்கு வரும் விருந்தாளி, யாரையும் கேட்காமல் பாத்ரூம் லைட்டைப் போட முடிய வேண்டும். நெட் போயிருந்தாலும்.

ஹாலில் வைஃபை பல்பு போட்டிருக்கிறேன். அம்மா பழக்க தோஷத்தில் சுவரில் ஆஃப் செய்துவிடுகிறார். அப்புறம் ஆப்பில் பல்பே காட்டுவதில்லை. சுவிட்சில் டேப் ஒட்டிவிடலாமா சார்?

ஒட்டினால் அம்மாதான் இருட்டில் உட்கார்ந்திருப்பார். சுவிட்சை அணைத்தால் பல்புக்கு கரண்டே போகாது. ஆப் எப்படிக் கண்டுபிடிக்கும்? கலர் மாற்றுவது, வெளிச்சம் குறைப்பது எல்லாம் உங்களுக்கு வேண்டாமென்றால் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு சாதாரண எல்இடி போடுங்கள். சுவிட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள் ஒரு சின்ன ரிலே மாட்யூல் (ஆப் சொன்னாலும் சுவிட்சைத் தட்டினாலும் லைட்டைப் போட்டு அணைக்கும் கருவி) வைத்தால் போதும். சுவிட்ச் பழையபடி வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும். ஒரே சுவிட்சில் நாலு பல்பு எரியும் அறைக்கும் ஒரே மாட்யூல்தான்; செலவும் குறைவு.

எங்கள் எலக்ட்ரீஷியன், "பழைய வீடு, சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இருக்காது, மாட்யூல் போட முடியாது" என்கிறார். உண்மையா அண்ணா?

பாதி உண்மை. பேஸ் கரண்ட் வரும் ஒயர், நியூட்ரல் அது திரும்பும் ஒயர்; மாட்யூல் இயங்க இரண்டும் வேண்டும். லைட்டுக்கான நியூட்ரல் பெரும்பாலும் மேலேயே ஹோல்டருக்குப் போய்விடும். சுவிட்சுக்கு பேஸ் மட்டும் இறங்கும். ஆனால் நம் வீடுகளில் சுவிட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயிண்டும் இருக்குமே! பிளக்குக்கு நியூட்ரல் இல்லாமல் முடியாது. அதிலிருந்து எடுக்கலாம். எடுக்கும் முன் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். லைட் இன்வெர்ட்டர் லைனிலும் பிளக் மெயின் லைனிலும் இருந்தால், அல்லது இரண்டும் வெவ்வேறு ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) கீழ் இருந்தால், ஒன்றின் பேஸுக்கு இன்னொன்றின் நியூட்ரலைக் கொடுக்கக் கூடாது. போன கரண்ட் அதே வழியில் திரும்பாததால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். நியூட்ரல் கிடைக்கவில்லையே என்று எர்த்தைப் பிடித்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தனியாக ஒரே சுவிட்ச் உள்ள இடத்தில்தான் நிஜமாகவே நியூட்ரல் இருக்காது. அதற்கு நியூட்ரல் தேவைப்படாத மாட்யூல் கிடைக்கிறது. லைட் அணைந்திருக்கும்போதும் பல்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓடித்தான் அது உயிரோடு இருக்கும். அதனால் சின்ன வாட்ஸ் எல்இடி மங்கலாக எரியும், அல்லது மினுக்கும். ஹோல்டர் பக்கம், பல்புக்கு இணையாக பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டால் சாதாரணமாக நின்றுவிடும்.

மாட்யூல் போட்டாச்சு. ஆப்பில் அணைத்தால் சுவிட்ச் 'ஆன்' பக்கமே இருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

சுவிட்சை மாற்றிவிடுங்கள். உங்கள் போர்டு எந்தக் கம்பெனியோ, அதே வரிசையில் பெல் புஷ் கிடைக்கும். அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும். மேலே கீழே என்ற பேச்சே இல்லை. மாட்யூல் செட்டிங்கிலும் புஷ் பட்டன் வகைக்கு மாற்ற வேண்டும். சில மாட்யூல்களில் இரட்டை அமுக்கு, நீள அமுக்குக்குத் தனி வேலை கொடுக்கலாம். விருந்தாளிக்கு ஒற்றை அமுக்கு போதும்.

மாடிப்படியில் டூ-வே சுவிட்ச், ஒரே லைட்டை மேலிருந்தும் கீழிருந்தும் போடலாம். அதற்கு?

மாட்யூலுக்கு நிரந்தர பேஸும் நியூட்ரலும் கிடைக்கும் இடத்தில் வைத்து, டூ-வேயின் வெளிவரும் ஒயரை விளக்குக்குப் பதில் மாட்யூலின் சுவிட்ச் முனைக்குக் கொடுக்க வேண்டும். இங்கேதான் மாட்யூல்கள் எரிகின்றன. சில மாட்யூல்களின் சுவிட்ச் முனை 230 வோல்ட் பேஸை எதிர்பார்க்கும். சிலவற்றில் அந்த முனைகளுக்குள் கரண்டே வரக் கூடாது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியோடு வரும் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். இரண்டாவது வகையை டூ-வேயின் பழைய ஒயரில் அப்படியே மாட்ட முடியாது.

வாடகை வீடு அக்கா. சுவரைத் தொட்டால் ஓனர் சண்டைக்கு வருவார். கலர் பல்பும் வேண்டும்.

பதில் சொல்வது அண்ணன்தான், பரவாயில்லை! ஜிக்பீ பல்பும், பேட்டரி பட்டனும் வாங்குங்கள். ஜிக்பீ என்பது வைஃபை மாதிரி ஒயர் இல்லாத இணைப்பு; ஆப்போடு அதைச் சேர்த்துவைக்கும் சின்னப் பெட்டிதான் ஹப். பட்டனை டபுள் டேப்பில் சுவிட்ச் பக்கத்திலேயே ஒட்டலாம். காலி செய்யும்போது உரித்துக்கொள்ளலாம். பட்டனையும் பல்பையும் நேரடியாக இணைக்கும் 'பைண்டிங்' வசதி இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் நெட் மட்டுமல்ல, ஹப்பே படுத்தாலும் பட்டன் வேலை செய்யும். பழைய சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்பதால், அதன்மேல் மட்டும் ஒரு மூடி.

ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி டிம்மர் ஒன்று சுவரில் இருக்கிறது. அதில் ஸ்மார்ட் பல்பு போடலாமா?

வேண்டாம். டிம்மர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும். பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதைத் தாங்காது. டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போட்டு, வெளிச்சத்தை மேலே சொன்ன பேட்டரி பட்டனில் குறையுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போய் வந்தால் பெட்ரூம் பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறது. குழந்தை எழுந்துவிடுகிறாள்.

பல பல்புகள் கடையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருக்கும். சுவர் சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. கரண்ட் வந்தது சுவிட்சாலா, மின்வாரியத்தாலா என்று பல்புக்குத் தெரியாது. ஆப்பில் கரண்ட் வந்த பிறகு என்ன நிலை என்ற செட்டிங்கைத் தேடி, 'பழைய நிலை' என்று வையுங்கள். சுவரில் அந்தப் பேட்டரி பட்டனை ஒட்டிய பிறகு இதைச் செய்யுங்கள். இல்லையென்றால், ஆப்பில் அணைத்த பல்பு சுவர் சுவிட்சைத் தட்டினாலும் எரியாது.